பதினோரு நாள் பட்டினிப் பயணம்: எப்படி?

2022 அக்டோபரில் அலாஸ்காவிலிருந்து கிளம்பிய பட்டைவால் மூக்கன் பறவை ஒன்று, 13,560 கி.மீ. பறந்து டாஸ்மேனியாவில் இறங்கியது. வயது ஐந்தே மாதம்! 11 நாள் இரை இல்லை, வழியில் எங்கும் தரையிறங்கவும் இல்லை. எரிபொருள் எங்கிருந்து வந்தது?

கொழுப்பிலிருந்து.

ஏன் மாவுச்சத்து அல்ல? ஒரு கிராம் கொழுப்பில் சுமார் 9 கிலோ கலோரி, மாவுச்சத்தில் 4தான். போதாததற்கு, மாவுச்சத்தைக் கிளைக்கோஜனாகச் சேமித்தால் கூடவே மூன்று மடங்கு தண்ணீரையும் சுமக்க வேண்டும். பறவைக்குக் கட்டுப்படியாகுமா? கொழுப்பு செல்லிலோ ஒரு பெரிய எண்ணெய்த் துளிதான் ஏறக்குறைய எல்லா இடத்தையும் அடைத்திருக்கும். உட்கரு ஓரமாக ஒதுங்கிக் கிடக்கும்.

தேவை வந்ததும் ஹார்மோன் கட்டளையிட, லிபேஸ் நொதிகள் துளியிலுள்ள ட்ரைகிளிசரைடை மூன்று கொழுப்பு அமிலங்களாகவும் கிளிசராலாகவும் பிரிக்கின்றன. அந்த அமிலங்கள் ரத்தத்தில் அல்புமின் போன்ற புரதங்களைப் பற்றிக்கொண்டு தசைக்குப் போகின்றன. அங்கே மைட்டோகாண்ட்ரியா அவற்றை இரண்டிரண்டு கார்பன் அணுக்களாக நறுக்கி, ஆக்சிஜன் உதவியோடு எரித்து, தசைக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறுகளைத் தயாரிக்கிறது.

மிச்சம் கரியமில வாயுவும் தண்ணீரும். பறக்கும் பறவைக்கு அந்தத் தண்ணீரும் உதவுகிறது.

நம் உடம்பிலும் இதே கணக்குதான். 10 கிலோ கொழுப்பு கரைந்தால், அதில் 8.4 கிலோ வெளியேறுவது வியர்வையில் அல்ல, மூச்சுக்காற்றில்.