ஓமந்தூரார் மனை – 7: அந்தோணியா அம்மாளின் கிரயம்

ஓமந்தூரில் 1895இல் ராமசாமி ரெட்டியார் பிறந்ததோடு போன வாரம் நிறுத்தினோம். பின்னாளில் சென்னை மாகாணத்தை ஆண்ட ஓமந்தூரார் இவர்தான். இந்த வாரம் திண்டிவனத்திலிருந்து ஊருக்குள் போவதாகச் சொல்லியிருந்தேன். போகவிடாமல் வழிமறித்துவிட்டார் ஓர் அம்மாள்: அந்தோணியா தெ மதெய்ரோஸ்.

அண்ணா சாலையில் இன்று ரெட்டியார் பெயர் தாங்கி நிற்கும் அரசினர் தோட்டத்தில் இருந்த பழைய வீடு இவருடையது. போர்த்துக்கீசியக் குடும்பத்துக் கைம்பெண். 1746இல் சென்னைக் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள், கிழக்கிந்தியக் கம்பெனி கவர்னரின் தோட்ட வீட்டை இடித்துத் தள்ளிவிட்டார்கள். 1749இல் ஊர் திரும்பக் கிடைத்ததும், எதிரிக்கு உதவினார்கள் என்ற சந்தேகத்தில் கோட்டைக்குள் இருந்த கத்தோலிக்கர்களின் வீடுகளைக் கம்பெனி பறித்தது. அதே கம்பெனி, தன் கவர்னர் தாமஸ் சாண்டர்ஸ் தங்க இடம் தேடி ஒரு போர்த்துக்கீசிய அம்மாளின் வாசலில் போய் நின்றது! முதலில் வாடகை; 1753இல் கிரயம்.

விலை 3,500 வராகன். இதைப் படித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கணக்குப் போட உட்கார்ந்துவிட்டேன். 1818இல் கம்பெனி ரூபாய்க்கு மாறியபோது ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று விகிதம் வைத்தது. அந்தக் கணக்கில் 12,250 ரூபாய். மவுண்ட் ரோட்டில், வீடும் தோட்டமும் சேர்த்து!

அப்புறம் அந்த வீடு நிம்மதியாக இருக்கவில்லை. 1758-59 முற்றுகையில் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை அதைச் சேதப்படுத்தியது. ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்ட் கிளைவ் கவர்னராக வந்து பெரிதாக்கினார். திப்பு வீழ்ந்த வெற்றிக்கு விருந்து மண்டபமும் கட்டவைத்தார். கட்டியவர் கோல்டிங்காம். அவர் நுங்கம்பாக்கம் வானாய்வு நிலையத்தின் வானியலாளர்! நட்சத்திரம் பார்த்தவர் தூண் நிறுத்திய கதை தனி வாரத்துக்கானது. 1802இல் திறந்த அந்த மண்டபம்தான் ராஜாஜி மண்டபம். காமராஜர், எம்.ஜி.ஆர்., கலைஞர் ஆகியோருக்குத் தமிழகம் இறுதி அஞ்சலி செலுத்திய படிக்கட்டும் அதுதான்.

மண்டபம் பிழைத்தது, வீடு பிழைக்கவில்லை. புதிய சட்டமன்ற வளாகத்துக்காக இடித்தார்கள். 2010இல் திறந்த அந்த வளாகம் 2014இல் பல்நோக்கு உயர் சிறப்பு மருத்துவமனை ஆகிவிட்டது. விற்ற அம்மாளின் பெயர் அங்கே எங்கும் இல்லை. 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தை ஆண்டு, பதவியை விட்டபின் வடலூருக்குப் போய்விட்ட விவசாயி ரெட்டியாரின் பெயர் நிலைத்துவிட்டது. கவர்னர்களில் ஒருவர் பெயரையும் வைக்காமல் அவர் பெயரை வைத்ததே சரி என்பது என் தீர்ப்பு.

ஓமந்தூர் அடுத்த வாரம், நிச்சயமாக. அந்தப் பக்கத்து வாசகர்களே, ரெட்டியார் வீட்டைப் பற்றி உங்கள் தாத்தா பாட்டி சொன்னது ஏதேனும் இருந்தால் உடனே எழுதி அனுப்புங்கள்.

(தொடரும்)