சொல்தா அப்பா விட்டுப்போன கைத்துப்பாக்கி: விலைக்கு முன் பார்க்க வேண்டிய எண்கள்

உறுவையாறு, வில்லியனூர், பாகூர் பக்கத்தில் பிரெஞ்சுப் படையில் இருந்து வந்தவரைச் ‘சொல்தா’ என்பார்கள். 1946 முதல் 1954 வரை இந்தோசீனாவிலும், 1954 முதல் 1962 வரை அல்ஜீரியாவிலும் நடந்த போர்களில் புதுச்சேரித் தமிழர்கள் இருந்தார்கள். அந்தத் தலைமுறை மறைந்துவருகிறது. அப்பாவின் பெட்டியில் பதக்கங்களோடு ஒரு கைத்துப்பாக்கியும் இருந்தால், “என்ன விலை போகும்?” என்ற கேள்விதான் வீட்டில் முதலில் எழும். அதற்கு விடை துப்பாக்கியில் பொறித்த எண்ணிலும் லைசென்ஸ் எண்ணிலும் இருக்கிறது.

அடையாளக் கணக்கு

தோட்டா உள்ளே இருக்கலாம். நீங்களே திறக்காதீர்கள், லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடைக்காரர் பார்க்கட்டும்.

- 1892 மாடல் ரிவால்வர்: 8 மி.மீ., 6 தோட்டா, செயின்ட் எத்தியேன் ஆலைத் தயாரிப்பு. குழலின் வலப்பக்கம் ‘S’ என்ற எழுத்தும் அருகே செய்த வருடமும் இருக்கும். சிலிண்டரும் வலப்பக்கமாகவே வெளியே சாயும். மற்ற ரிவால்வர்களில் பெரும்பாலும் அது இடப்பக்கம் சாயும்.
- 1935 மாடல் பிஸ்டல்: 7.65 மி.மீ., 8 தோட்டா.
- 1950 மாடல் பிஸ்டல்: 9 மி.மீ., 9 தோட்டா.

இதில் 7.65 என்ற எண் பலரை ஏமாற்றும். நம் ஊரில் .32 பிஸ்டல் என்பதும் 7.65 மி.மீ.தான். ஆனால் அதன் தோட்டாக்கூடு 17 மி.மீ. நீளம், 1935 மாடலுக்கு வேண்டியது 20 மி.மீ. ஒன்று மற்றொன்றில் சேராது. தோட்டா கிடைக்காத பிஸ்டலை, சுடுவதற்காக வாங்குகிறவர் சீண்டமாட்டார்.

சட்டக் கணக்கு

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கி முன்பு 3. 2019 டிசம்பர் திருத்தத்துக்குப் பின் 2. வாரிசாக வந்தாலும் இதே வரம்புதான். அப்பாவிடம் 2, மகனிடம் ஏற்கெனவே 1 என்றால் மொத்தம் 3. ஒன்றை விட்டே ஆகவேண்டும். பிள்ளைகள் மூவர் இருந்து ஒருவர் பெயருக்கு மாற்றுவதானால், மற்ற இருவரும் ஆட்சேபம் இல்லை என்று எழுதித்தர வேண்டும். லைசென்ஸ் 5 ஆண்டு செல்லும்.

லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. 9 மி.மீ. தடை செய்யப்பட்ட ரகம். அதற்கு 7 முதல் 14 ஆண்டு. 1950 மாடல் பிஸ்டல் இந்த வரிசையில் வருகிறது. பழுதுபார்த்தாலும் சுடவே முடியாத பழம்பொருளுக்குச் சட்டத்தின் 45ஆவது பிரிவு விலக்கு தருகிறது. ஆனால் சுடுமா சுடாதா என்பது வீட்டில் முடிவு செய்யும் விஷயமல்ல.

விலைக் கணக்கு

லைசென்ஸ் இருந்து, தோட்டாவும் கிடைத்தால், வெளிநாட்டுத் துப்பாக்கிக்கு இங்கே நல்ல கிராக்கி. இறக்குமதிக் கட்டுப்பாடு அதற்குக் காரணம். லைசென்ஸ் இல்லையென்றால் விலை பூஜ்யம், வழக்குச் செலவு தனி. பிரான்சில் 1900க்கு முந்தைய மாடல் என்பதால் 1892 ரிவால்வரை வயதுவந்தவர்கள் தாராளமாக வாங்கலாம். அதை நம்பி அங்குள்ள உறவினருக்கு அனுப்பிவிட முடியாது. ஆயுதச் சட்டம் ஒரு தடை. நூறாண்டு கடந்த வரலாற்றுப் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது என்ற 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இன்னொரு தடை.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். பிறகு வாரிசு லைசென்ஸுக்கு மனுப் போடுங்கள், அல்லது உரிமை உள்ளவருக்கு விற்க எழுதிக்கொடுங்கள்; விற்ற பணம் உங்களுக்கே வரும். ஒப்படைத்த துப்பாக்கி, சட்டம் தரும் கெடுவைத் தாண்டினால் அரசுடைமை ஆகிவிடும். அப்பாவின் படைச் சேவைப் புத்தகத்தையும் பதக்கங்களையும் மட்டும் யாருக்கும் விற்காதீர்கள். அவற்றை வைத்திருக்க எந்த லைசென்ஸும் வேண்டாம். அவர் எங்கே, எந்தப் படையில் நின்றார் என்பதற்குப் பேரப்பிள்ளைகளிடம் இருக்கப்போகும் சான்று அவைதான்.