இத்தாலியரின் கொடிவழித் தேட்டம்

பிறந்த மண்ணை விட்டுக் கடல் கடந்தோர் வரலாற்றில் இத்தாலியர்க்குத் தனியிடம் உண்டு. 1876ஆம் ஆண்டு தொடங்கி 1915ஆம் ஆண்டு முடிய, ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பிழைப்பு நாடி வெளியேறினர். அமெரிக்கா, அர்ஜெண்டீனா, பிரேசில் முதலிய நாடுகளில் வாழும் அவர்தம் வழியினர், முன்னோரையும் ஊரிலேயே தங்கிவிட்ட கிளையினரையும் இன்று தேடுகின்றனர். அத்தேட்டத்தின் முறை ஈண்டு விளக்கப்பெறும்.

முதற்கண் அறிய வேண்டுவது ஊர்ப்பெயர். இத்தாலி ஒரே அரசாக அமைந்தது 1861ஆம் ஆண்டில்தான். பதிவேடுகளும் ஊர்வாரியாகவே உள்ளன. ஊர்ப்பெயரைக் கப்பற் பயணியர் பட்டியல், குடியுரிமை விண்ணப்பம் ஆகியவற்றிற் காணலாம். நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் அதிகாரிகள் பெயர்களை மாற்றி எழுதினர் என்பது பரவலான நம்பிக்கை. அது பொருந்தாது. கப்பல் நிறுவனத்தார் எழுதிக் கொணர்ந்த பட்டியலை வைத்துக்கொண்டே அவர்கள் வினவினர். பெயர் திரிந்தது பெரும்பாலும் பின்னரே.

ஊர் தெரிந்தபின் நாட வேண்டியவை பதிவேடுகள். 1563ஆம் ஆண்டில் திரெந்துச் சங்கம் இட்ட ஆணைப்படி, திருமுழுக்கையும் திருமணத்தையும் பங்குக் குருமார் பதிந்து வந்தனர். அரசுப் பதிவு நேப்பிள்ஸ் நாட்டில் 1809ஆம் ஆண்டிலும், சிசிலியில் 1820ஆம் ஆண்டிலும், ஒன்றுபட்ட இத்தாலியில் 1866ஆம் ஆண்டிலும் தொடங்கிற்று. ஏடு இரு படிகளாக எழுதப்பெற்றது. ஒன்று ஊராட்சியில், மற்றொன்று நீதிமன்றத்தில். நீதிமன்றப் படிகள் பின்னர் அரசு ஆவணக் காப்பகங்களைச் சேர்ந்தன. அவற்றுட் பல இப்போது இணையத்தில் காணக் கிடைக்கின்றன.

இவ்வேடுகளைப் படிப்போர் இரு சிறு சொற்களைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். 'ஜுசெப்பே தி அந்தோனியோ' எனில் தந்தை அந்தோனியோ உயிருடன் உள்ளார். 'ஜுசெப்பே ஃபு அந்தோனியோ' எனில் அவர் மறைந்துவிட்டார். இவ்வொரு சொல்லால் தந்தை இறந்த காலத்தைப் பெரும்பாலும் ஒரு வரம்பிற்குள் கொண்டுவரலாம்.

தலைமகனுக்குத் தந்தையின் தந்தை பெயரையும், அடுத்தவனுக்குத் தாயின் தந்தை பெயரையும் இடுவது, சிறப்பாகத் தென்னாட்டில், நெடுநாள் வழக்கம். பெயரன் என்பதே பேரன் என்றாயிற்று என்பதை அறிந்த தமிழர்க்கு இது வியப்பன்று. இதனால் விளையும் இடர் ஒன்றுண்டு. உடன்பிறந்தார் நால்வர் எனில், நால்வரின் தலைமக்களும் ஒரே பெயரும் ஒரே குடும்பப் பெயரும் உடையராவர். பெயர் ஒன்றாதலின் ஆளும் ஒருவரே எனக் கொள்ளலாகாது. அவர்களைப் பிரித்தறியத் தாயின் பெயர் உதவும். மணமான பெண்கள் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயராலேயே பதியப்பெற்றனர்.

உறவுச் சொல்லும் மயக்கந் தரும். 'நிப்போத்தே' என்னும் ஒரு சொல்லே பேரனையும் குறிக்கும், உடன்பிறந்தார் மகனையும் குறிக்கும். 'குஜீனோ' என்பது சிற்றப்பன் மகனுக்கும் அம்மான் மகனுக்கும் பொது. பங்காளி வேறு, மைத்துனன் வேறு எனப் பகுத்துரைக்கும் தமிழில் இம்மயக்கம் இல்லை. பழைய மடலில் வரும் 'நிப்போத்தே'யைப் பேரன் என்றே கொண்டால், தலைமுறைக் கணக்கும் கிளையும் பிழைபடும்.

உயிரோடிருக்கும் உறவினரை அறிவது இதனினும் அரிது. அண்மைக்காலப் பதிவுகள் பிறர்க்குத் திறந்தவை அல்ல. ஆகவே ஊருக்கு மடல் எழுதவேண்டும். எழுதும் மடலில் பொதுப் பாட்டன் பெயரையும் பிறந்த ஆண்டையும் குறித்தல் நன்று. சென்றவரின் வழியினர் நிலத்திற் பங்கு கேட்பரோ என்னும் அச்சம் ஊரார்க்கு எழக்கூடும். அதனை முதல் மடலிலேயே நீக்குதல் வேண்டும்.

குடியுரிமை வேண்டித் தேடியோரும் பலர். முன்னர்த் தலைமுறை எல்லையின்றி வழங்கிய அவ்வுரிமை, 2025ஆம் ஆண்டுச் சட்டத்தால் பொதுவாகப் பெற்றோர், பாட்டன் பாட்டி அளவில் நிறுத்தப்பட்டது. கொள்ளுப்பேரர் பலர்க்கு அவ்வாயில் அடைபட்டது. எனினும் பதிவேடுகள் அடைபடவில்லை. பயன் கருதாது உறவு ஒன்றே கருதித் தேடுவோர்க்கு அவை முன்போலவே வழிகாட்டுகின்றன. பேரன் பேத்தியர் அறியுமாறு ஊர்ப்பெயரையும் பாட்டன் பெயரையும் எழுதிவைத்த குடும்பத்தார்க்கே அவ்வழி எளிதாகின்றது.