குலுக்கை காலியான வீடுகள்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரத்துக் கரிசற்காட்டிலே, புரட்டாசி வெயிலில், ஈரம் பெயருக்கும் இல்லாத புழுதியில் சம்சாரி விதையை இறைப்பதைப் புதிதாய்ப் பார்ப்பவர்கள் அதனை விபரீதமான சூதாட்டம் என்றே கருதுவார்கள். ஆனால், நல்ல மழை ஒன்று விழுந்தால் காலைப் பிடித்து இழுக்கும் களியாகிவிடும் அந்த மண்ணில் மறுபடி ஏர் இறங்கப் பல நாள் காத்திருக்க நேரும் என்பதையும், வருஷத்து மழையிற் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையிலேயே பெய்து தீர்ந்துவிடும் என்பதையும் அறிந்தவர்களுக்கு, முன்கூட்டியே விதைப்பதன் நியாயம் விளங்கும்.

அபாயமும் இல்லாமல் இல்லை. அரைகுறைத் தூறல் ஒன்று முளையைக் கிளப்பிவிட்டு மேகம் கலைந்து போனால், முளை கருகும். மறுபடி விதைக்க வேண்டும். சோள விதையைப் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்டின் 2 சதவீதக் கரைசலில் 6 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி விதைத்தால் வறட்சியை ஓரளவு தாங்கும் என்று நிபுணர்கள் கூறுகிறார்கள். நல்ல உபாயந்தான். ஆயினும் என் கவலை வேறு.

அறுவடையின்போதே வாளிப்பான கதிர்களைத் தனியே ஒடித்துக் காயவைத்து, சாம்பலும் வேப்பிலையும் கலந்து, துவரையானால் செம்மண் கட்டி, வீட்டுப் பெண்கள் குலுக்கை என்னும் தானியக் குதிரில் விதைக்கென்று பத்திரப்படுத்திய காலத்தில், முளை கருகுவது நஷ்டமேயன்றி நாசமன்று. இன்றோ சோளமும் கம்பும் விளைந்த நிலங்களில் மக்காச்சோளம் பரவியிருக்கிறது. கோழித் தீவனத்துக்கு விலைபோகிறது, கையில் ரொக்கம் புரள்கிறது என்பார்கள், மெய்தான். ஆனால் அதன் வீரிய ஒட்டு விதையை வருஷந்தோறும் கடையில் வாங்கியாக வேண்டும். முதல் விதைப்புப் பொய்த்தால் இரண்டாவது விதைப்பு பெரும்பாலும் கடனில்தான். நாட்டுச் சோளம் வறட்சி கண்டால் இலையைச் சுருட்டிக்கொண்டு சில நாள் பொறுத்திருந்து, மழை கண்டதும் நிமிர்ந்துவிடும். பூக்கும் தருணத்தில் ஈரம் தவறிய மக்காச்சோளத்திலோ மணி பிடிப்பதில்லை. போதாக்குறைக்கு 2018-இல் இந்நாட்டுக்குள் புகுந்த படைப்புழு வேறு! மாட்டுத் தீவனமான சோளத்தட்டை குறையவே உழவுமாடும் குறைந்தது. மாடு போனபின் எருவுக்கு எங்கே போவது?

பயிர்க் காப்பீடும் நிவாரணமும் வேண்டியவைதாம். அவை வரும்போது வரட்டும். கரிசற்காட்டுச் சம்சாரிகள் வருகிற புரட்டாசியில் காட்டின் ஒரு மூலையிலாவது நாட்டுச் சோளம் விதைத்து, அதில் தேறிய முதற்கதிர்களை வியாபாரிக்குப் போடாமல் விதைக்கென்று ஒதுக்கிவைக்க வேண்டுகிறேன்.