64-ஆம் எண் காரின் டயர்

2019 நவம்பர் 24, ஜப்பானின் ஃபுஜி ஸ்பீட்வே. அந்த ஆண்டின் பட்டப் போட்டியில் பேச்சுக்கே வராத ஒரு கார், அன்றைக்கு எல்லோருக்கும் முன்னால் கோட்டைத் தாண்டியது. ஹோண்டா என்எஸ்எக்ஸ்-ஜிடி, எண் 64. ஓட்டியவர் நம் கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன். அப்போது அவருக்கு வயது 42.

ஜப்பானின் சூப்பர் ஜிடி தொடரிலிருந்து 15 கார்கள், ஜெர்மனியின் டிடிஎம் தொடரிலிருந்து 7 கார்கள். இரண்டு நாட்டு டூரிங் கார்களும் ஒரே தடத்தில் மோதிய சிறப்புப் பந்தயம் அது. அதற்கு மூன்று வாரம் முன்புதான் சூப்பர் ஜிடியின் எட்டுச் சுற்றுத் தொடர் முடிந்திருந்தது. தொடரில் ஓடிய அதே கார், அதே அணி, அதே ஓட்டுநர். இடையில் மாறிய பெரிய விஷயம் ஒன்றே ஒன்று: டயர்.

கோவையில் பம்ப்செட் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தண்ணீர் ஏன் குறைவாக ஏறுகிறது என்று பார்க்க வேண்டுமானால், மோட்டாரையும் இம்பெல்லரையும் ஒரே நேரத்தில் மாற்ற மாட்டார்கள். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை மாற்றுவார்கள். அறிவியல் சோதனை என்பதும் இதுதான். ரேஸ் உலகில் அப்படியொரு சோதனை தானாக அமைவது மிக அபூர்வம். ஃபுஜியில் அமைந்தது.

உலகின் பெரும்பாலான பெரிய தொடர்களில் எல்லாக் கார்களுக்கும் ஒரே நிறுவனம்தான் டயர் தருகிறது. சூப்பர் ஜிடியில் அப்போது அப்படியில்லை. 2019-இல் அதன் உச்சப் பிரிவான ஜிடி500-இல் 15 கார்கள். பிரிட்ஜ்ஸ்டோன் 9 கார்களுக்கும், யோகோஹாமா 3 கார்களுக்கும், மிஷ்லின் 2 கார்களுக்கும் டயர் தந்தன. மீதமிருந்த ஒரே ஒரு காருக்கு டன்லப். அந்த ஒன்றுதான் 64.

கார் மோசமென்று சொல்ல வழியில்லை. முந்தைய ஆண்டு ஜென்சன் பட்டனும் நவோகி யமமோட்டோவும் பட்டம் வென்றது இதே என்எஸ்எக்ஸ்-ஜிடி ரகத்தில்தான். ஆனால் பிரிட்ஜ்ஸ்டோன் டயரில். அணியும் லேசுப்பட்டதல்ல. நகாஜிமா ரேசிங், ஃபார்முலா 1-இல் முழுநேரமாக ஓட்டிய முதல் ஜப்பானியரான சடோரு நகாஜிமா நிறுவியது. டன்லப்பைக் குறைத்துச் சொல்வதும் நியாயமாகாது. 2017-இல் புகழ்பெற்ற சுசூகா 1000 கிலோமீட்டர் பந்தயத்தை நகாஜிமா அணி டன்லப் டயரில்தான் வென்றது. தார்ச்சாலையின் சூடும் ரப்பரின் குணமும் பொருந்திவந்த நாளில் எல்லோரையும் முந்தும் டயர் அது. பொருந்தாத நாள்கள்தான் அதிகம்.

பொருந்துவது என்றால் என்ன? கவுந்தப்பாடிப் பக்கம் நாட்டுச்சர்க்கரை காய்ச்சும் கொட்டகையில் நின்று பார்த்தவர்களுக்குப் 'பதம்' என்ற சொல்லின் அருமை தெரியும். பாகைக் கொஞ்சம் முன்னால் இறக்கினால் நெகிழ்ந்துபோகும். கொஞ்சம் பிந்தினால் கருகும். ரேஸ் டயரின் ரப்பருக்கும் அப்படியொரு பதம் உண்டு. பொதுவாக 80 முதல் 100 டிகிரி செல்சியஸ் வாக்கில் அது அமையும். கலவைக்குக் கலவை மாறும். அதற்குக் கீழே ரப்பர் விறைத்து, சாலையின் மேல் வழுக்கும். வழுக்கும்போது மேல்தோல் துணுக்குத் துணுக்காகக் கிழியும். பதத்தைத் தாண்டிச் சூடானால் உள்ளே கொப்புளம் கட்டும்.

பதத்தில் இருக்கும் ரப்பர் இரண்டு வகையில் சாலையைப் பிடிக்கிறது. ஒன்று, அதன் மூலக்கூறுகள் சாலைக் கற்களோடு நொடிப்பொழுது ஒட்டி விலகுகின்றன. இன்னொன்று, ரப்பர் கற்களின் மேடு பள்ளத்துக்குள் அமுங்குகிறது; ஆனால் அமுங்கிய வேகத்தில் திரும்ப எழுவதில்லை. அந்தத் தாமதத்தில் ஆற்றல் வெப்பமாகப் போகிறது, காருக்குப் பிடிப்பாகத் திரும்பி வருகிறது. நாமக்கல், சங்ககிரி லாரிக்காரர்கள் மொட்டை டயர் என்றால் பதறுவார்கள். மழையில் அது ஆளைக் கொன்றுவிடும் என்பதால் பதறத்தான் வேண்டும். ஆனால் காய்ந்த ரேஸ் தடத்தில் ஓடுவது வேண்டுமென்றே மொட்டையாகச் செய்த டயர். வரிப்பள்ளம் இல்லாததால் முழு ரப்பரும் தரையைத் தொடுகிறது.

இப்போது கொஞ்சம் கணக்கு. வளைவில் ஒரு கார் போகக்கூடிய வேகம், பிடிப்பின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. பிடிப்பு 1 சதவீதம் குறைந்தால் வளைவு வேகம் அரை சதவீதம் குறையும். ஃபுஜி தடத்தின் நீளம் 4.563 கிலோமீட்டர். ஒரு சுற்றுக்குச் சுமார் 90 விநாடி, அதில் பாதி வளைவுகளில் கழிகிறது என்று வைத்துக்கொண்டால், இழப்பு கால் விநாடிக்கு நெருங்கிவிடும். பிரேக் பிடிப்பதிலும் வளைவிலிருந்து வெளியேறுவதிலும் இழப்பதைச் சேர்த்து 0.3 விநாடி என்று கொள்வோம். 300 கிலோமீட்டர் பந்தயத்துக்கு 66 சுற்று. மொத்தம் 20 விநாடி. அந்த வேகத்தில் 20 விநாடி என்றால் ஒரு கிலோமீட்டர். நூற்றில் ஒரு பங்கு ரப்பர் பிடிப்பு, பந்தய முடிவில் ஒரு கிலோமீட்டர் பின்தங்கலாக வந்து நிற்கிறது.

ஒன்பது கார் வைத்திருக்கும் டயர் நிறுவனத்துக்கு ஒவ்வொரு பந்தய நாளும் ஒன்பது சோதனைச்சாலை. எந்தக் கலவை எத்தனை சுற்றில் தேய்ந்தது, எந்தச் சூட்டில் பதம் தப்பியது என்று ஒன்பது மடங்கு விவரம் கிடைக்கும். ஒற்றைக் கார்க்காரருக்கு ஒற்றை விவரம்தான். அந்தக் கார் பயிற்சியில் ஒரு மணி நேரம் நின்றுபோனால் அதுவும் போச்சு. டயரை, வரப்போகும் நாளின் வெயிலை ஊகித்து முன்கூட்டியே செய்து கொண்டுவர வேண்டும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பின்தங்கிய காரைத் தொடர்ந்து பின்தங்க வைப்பது பெரும்பாலும் இந்த விவரப் பஞ்சம்தான். 2019-இல் சூப்பர் ஜிடியில் ஒரு கார் பெறும் புள்ளி ஒன்றுக்குப் பொதுவாக 2 கிலோ வீதம் எடை ஏற்றினார்கள். அது முந்துபவரை இழுத்துப் பிடிக்கலாம். பின்னால் இருப்பவருக்கு விவரத்தைக் கொடுக்காது.

ஃபுஜியின் சிறப்புப் பந்தயத்துக்கு எல்லாக் கார்களும் டிடிஎம் பயன்படுத்திய ஹான்குக் டயரைப் போட வேண்டும் என்பது விதி. பிரிட்ஜ்ஸ்டோனில் பழகியவர்களும் டன்லப்பில் பழகியவரும் ஒரே ரப்பரில் நின்றார்கள். நரேன் வென்றார். ஒரு பந்தயத்தை வைத்து எல்லாம் நிரூபணமாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. புது டயருக்கு யார் சீக்கிரம் பழகினார்கள் என்பதும் அதில் கலந்திருக்கிறது. ஆனால் டயர் ஒன்றானதும் அந்தக் காரின் இடம் மாறியது.

நரேனின் ரேஸ் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்தால், திருப்பம் வந்த இடங்களில் டயர் நிற்பதைக் காணலாம். 2005 ஜூன் 19, இண்டியானாபொலிஸ். ஃபார்முலா 1-இல் இந்தியாவின் முதல் ஓட்டுநராக அவர் ஜோர்டான் காரில் ஓடிய ஆண்டு. அங்கே சாய்வாகக் கட்டிய கடைசி வளைவின் சுமையை மிஷ்லின் டயர்கள் தாங்கவில்லை. பயிற்சியின்போதே ரால்ஃப் ஷூமாக்கரின் டயர் சிதைந்து அவர் சுவரில் மோதினார். பாதுகாப்பு கருதி 14 கார்கள் விலகின. பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட 6 கார்கள் மட்டும் ஓடின. அந்நிறுவனத்தின் இன்னொரு பெயரான ஃபயர்ஸ்டோன், அதே சாலையில் அமெரிக்க இண்டி ரேஸ்களுக்கு டயர் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்தத் தரையின் குணம் அவர்களுக்குத் தெரியும். மறுபடியும் விவரம்தான் வென்றது. நரேன் நான்காவதாக வந்து 5 புள்ளி பெற்றார். ஃபார்முலா 1-இல் அவருடைய மொத்தப் புள்ளிகளும் அவைதான்.

அடுத்தது 2012 மார்ச், மலேசியாவின் செபாங். நரேன் அப்போது ஓட்டியது ஸ்பெயின் நாட்டின் எச்ஆர்டி அணிக்கு, களத்தில் மிக மெதுவான கார். முதல் பந்தயமான மெல்போர்னில் தகுதிச் சுற்றைக்கூடத் தாண்டவில்லை. அதிவேகக் காரின் நேரத்தில் 107 சதவீதத்துக்குள் வராவிட்டால் ஓட விடமாட்டார்கள் என்பது விதி. முந்தைய ஆண்டு மெல்போர்னிலும் அதே கதைதான்: எல்லை 1 நிமிடம் 31.266 விநாடி, நரேனின் நேரம் 1 நிமிடம் 34.293 விநாடி. 2012-இன் கார் மோதல் சோதனையில் சரியான நேரத்துக்குத் தேறாததால் குளிர்காலப் பயிற்சிகளைத் தவறவிட்டு, ஏறத்தாழ நேராகப் பந்தயத்துக்கே வந்தது. மெதுவான காரைக் காற்று கீழ்நோக்கி அழுத்துவது குறைவு; அது டயரை அமுக்காது. அமுக்காத டயர் சூடாகாது. சூடாகாத டயர் பிடிக்காது. பிடிக்காததால் கார் இன்னும் மெதுவாகும். அந்தச் சுழலில்தான் எச்ஆர்டி கிடந்தது.

செபாங்கில் மழை வந்தது. மற்றவர்களில் பெரும்பாலோர் நடுத்தர மழை டயரில் தொடங்க, நரேன் முழு மழை டயரில் தொடங்கினார். மணிக்கு 300 கிலோமீட்டரில் அது விநாடிக்குச் சுமார் 60 லிட்டர் தண்ணீரை வாரி வெளியே தள்ளும். நடுத்தர டயரோ அதில் பாதியைக்கூடத் தள்ளாது. மழை வலுத்து மற்றவர்கள் டயர் மாற்ற உள்ளே போக, பந்தயம் சிவப்புக் கொடியில் நிறுத்தப்பட்டபோது, உலகின் மிக மெதுவான ஃபார்முலா 1 கார் பத்தாவது இடத்தில் நின்றது. தடம் காய்ந்ததும் அந்த இடம் போய்விட்டது.

ஃபார்முலா 1-இல் அவர் பெயர் கொடுத்த பந்தயங்கள் 48, தொடங்கியவை 46. விடுபட்ட இரண்டும் அந்த மெல்போர்ன்கள்தான். இந்த எண்களை வைத்து அவரைக் குறைத்துப் பேசுவதை நம்மூரிலேயே கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் மனம் வலிக்கும். எச்ஆர்டியில் உடன் ஓட்டிய லியுஸியும் டி லா ரோசாவும் தகுதிச் சுற்றுகளில் பெரும்பாலும் அவரைவிட வேகமாக இருந்தார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. ஒரே காரில் ஓட்டியவர்களோடு ஒப்பிடுவதுதான் நியாயமான அளவுகோல். அந்த ஆண்டுகளின் சாம்பியன் வெட்டலின் ரெட் புல் காரோடு ஒப்பிடுவது, ஐந்து குதிரைசக்தி மோட்டாரையும் ஒரு குதிரைசக்தி மோட்டாரையும் வைத்துக் கிணற்றுக்காரரின் திறமையை அளப்பது போன்றது.

இந்த நியாயம் கோவைக்குப் புதிதல்ல. 1988-இல் கோவைக்காரர் எஸ். கரிவர்தன் ஃபார்முலா மாருதி என்ற எளிய கார்களை உருவாக்கினார். மாருதி 800-இன் எஞ்சின். எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கார். பணம் அல்ல, ஓட்டும் கையே முடிவு சொல்லட்டும் என்ற எண்ணம் அது. நரேனும் அந்த வகைக் காரில்தான் பந்தயத்தைத் தொடங்கினார். கரிவர்தன் 1995-இல் விமான விபத்தில் இறந்தார். செட்டிப்பாளையத்தில் 2.1 கிலோமீட்டர் நீளத்தில் 2003-இல் திறக்கப்பட்ட கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

2020-இல் சூப்பர் ஜிடியின் விதி மாறியது. என்எஸ்எக்ஸ்-ஜிடியின் நடுவில் இருந்த எஞ்சினை ஹோண்டா முன்பக்கத்துக்குக் கொண்டுபோனது. நடு எஞ்சின் வைத்த அந்தக் காரின் கடைசிப் பந்தயம், 2019 நவம்பர் 24 அன்று ஃபுஜியில் நரேன் வென்ற பந்தயம்.