வம்சத்துப் பல்

அரை நூற்றாண்டுக்கு முன் நம் கிராமங்களில் பல் விழுவதை யாரும் நோயாக நினைத்ததில்லை. வெற்றிலை போடும் பாட்டி இருந்த வீட்டுத் திண்ணையில் சின்ன இரும்பு உரல் ஒன்று இருக்கும். பாக்கைக் கடிக்கப் பல் இல்லை. இடித்துத்தான் வாயில் போட வேண்டும். கேட்டால், "எங்க வம்சத்துக்கே பல்லு நிக்காது" என்பார். இன்று அதே வயதுக்காரர் வேர் சிகிச்சை செய்துகொள்கிறார், செயற்கைப் பல் பொருத்திக்கொள்கிறார். பதில் மட்டும் மாறவில்லை: "எங்க ஃபேமிலியிலேயே பல்லு வீக்."

அன்று வேப்பங்குச்சியையோ ஆலங்குச்சியையோ ஒடித்து, முனையைக் கடித்து நார் நாராக்கி, ஒவ்வொரு பல்லாகப் பொறுமையாகத் தேய்த்தார்கள். குச்சி இல்லாத நாளில் அடுப்புக்கரி, உமிக்கரி, செங்கல் தூள். கரடான தூள் கறையோடு எனாமலையும் தேய்த்தது. தேய்ந்த எனாமல் திரும்ப வளராது. இன்று நைலான் பிரஷ் இருக்கிறது. எனாமலை உறுதியாக்கும் புளூரைடு கலந்த பேஸ்ட் இருக்கிறது. கருவி மேம்பட்டது, பொறுமை குறைந்தது. பள்ளி வேனுக்கு ஓடும் அவசரத்தில் அரை நிமிடத்தில் பல் தேய்த்து முடிகிறது.

சாப்பாட்டிலும் இதே கதைதான். அன்று இரண்டு மூன்று வேளைக் களி, கூழ், சோறு. இனிப்பு பண்டிகைக்கு வரும், போகும். இன்று காபி, பிஸ்கட், சாக்லேட், குளிர்பானம் என்று வாய்க்கு ஓய்வே இல்லை. சர்க்கரை பட்ட சில நிமிடங்களில் பல்லின் மேல் படிந்த கிருமிகள் அமிலம் சுரக்கின்றன, பி.எச். அளவு 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். எச்சில் அதைச் சரிசெய்ய அரை மணி நேரமாவது ஆகும். எவ்வளவு தின்றோம் என்பதைவிட எத்தனை முறை தின்றோம் என்பதே பல்லைத் தீர்மானிக்கிறது.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் தாத்தா, அப்பா, பிள்ளை மூவருக்கும் ஒரே பழுப்புக் கறை படிந்த பல்லைப் பார்க்கலாம். பார்த்தவுடன் பரம்பரை என்றே தோன்றும். காரணம் நிலத்தடி நீரில் மிகுந்திருந்த புளூரைடு. பேஸ்டில் அளவாக இருக்கும்போது காக்கும் அதே பொருள், பல் உருவாகும் குழந்தைப் பருவத்தில் குடிநீர் வழியே மிகுதியாகச் சேர்ந்தால் எனாமலைக் கெடுக்கும். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது. கறை படிந்து முளைத்த பல் இனித் தானாக வெளுக்காது. ஆனால் பிறந்தது முதல் அந்தக் காவிரி நீரைக் குடித்து வளரும் பிள்ளைக்கு அப்பாவின் கறை வர வேண்டியதில்லை.

மரபுக்குப் பங்கே இல்லை என்பதல்ல. தாடையின் அளவு, தெற்றுப்பல், எனாமலின் தரம், எச்சிலின் தன்மை எல்லாவற்றிலும் பெற்றோரின் சாயல் உண்டு. அமெரிக்காவில் 117 இரட்டையர் சோடிகளை ஆராய்ந்து 2000இல் வெளியான ஆய்வு, பல்லைத் தாங்கும் எலும்பு வரை அரிக்கும் ஈறுநோயில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதி மரபைச் சேர்ந்தது என்றது. ஆனால் அந்த நோய்க்கு முன்படியான ஈறு வீக்கத்தில், புகைப்பழக்கத்தையும் பல் மருத்துவரிடம் போகும் வழக்கத்தையும் கணக்கில் எடுத்தபோது மரபின் தடம் தெரியவில்லை. தொடக்கம் பழக்கத்தில் இருக்கிறது. அங்கேயே தடுக்கவும் முடிகிறது.

1920இல் கல்கத்தாவில் தொடங்கியது இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரி. இன்று நாட்டில் 300க்கும் மேல். பாட்டிக்குக் கைக்கெட்டாத மருத்துவம் நமக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறது. பாட்டியிடம் இருந்த நிதானமும், வேளைக்கு மட்டும் உண்ணும் கட்டுப்பாடும் நம்மிடம் இல்லை. இரண்டு தலைமுறைக்குள் மரபணு மாறிவிடாது. மாறியவை கையும் வாயும்தான்.

அப்பாவுக்கோ அம்மாவுக்கோ பல் சீக்கிரம் விழுந்திருந்தால் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். வலி வரும்வரை காத்திருக்காதீர்கள். இரவில் பல் தேய்த்துவிட்டுப் படுங்கள், பிள்ளைகளையும் தேய்க்கச் சொல்லுங்கள். வம்சம் பலவீனமான பல்லைக் கொடுத்திருந்தால், அதற்குக் கூடுதல் கவனம் கொடுப்பது நம் பொறுப்பு.