பூனைக்கு வாரம் ஒரு மாத்திரை!

பூனைக்கு இதய நோய் வருமா என்று ஆபீஸில் கேட்டுப் பார்த்தேன். "எலிக்குத்தான் வரும், பூனையைப் பார்த்தால்!" என்றார் பக்கத்து ஸீட்காரர்.

வருகிறது சார். ஏழு பூனைகளில் சுமார் ஒன்றுக்கு! பெயர்தான் நீளம்: ஹைபர்டிராஃபிக் கார்டியோமையோபதி. இதயத்தின் சுவர் தடித்துப்போய், உள்ளே ரத்தம் நிரம்ப இடம் குறைகிறது. ஒண்டுக் குடித்தனத்தில் பெரிய பீரோ வாங்கிப் போட்ட கதை.

கொடுமை என்னவென்றால் பூனை காட்டிக்கொள்ளாது. சாப்பிடும், தூங்கும், நம்மை முறைக்கும். திடீரென்று ஒரு நாள் மூச்சு வாங்கும். அல்லது இதயத்தில் உறைந்த ரத்தக்கட்டி கீழே போய் அடைத்து, பின்னங்கால்கள் விழுந்துவிடும். முன்கூட்டியே தெரிய எக்கோ எடுக்க வேண்டும்.

ரொம்ப நாளாக நுரையீரலில் நீர் கோத்தால் ஒரு மருந்து, ரத்தம் உறையாமலிருக்க ஒரு மருந்து என்றுதான் ஓடியது. அந்தத் தடித்த சுவரையே குறிவைத்து, 2025 மார்ச்சில் சிரோலிமஸ் மாத்திரைக்கு அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. அறிகுறி தெரியாத கட்டத்திலேயே, வாரம் ஒன்று. அதுவும் நிபந்தனை அனுமதி. முழு நிரூபணம் இனிமேல் காட்ட வேண்டும். நம்ம பாஷையில் புரொபேஷன்!

மாத்திரை ஒன்றும் புதுசில்லை. ஈஸ்டர் தீவின் மண்ணில் கிடைத்த பாக்டீரியா தந்த சரக்கு. பிரித்தெடுத்தவர்களில் முக்கியமானவர் பனாரஸில் பார்மஸி படித்த சுரேந்திர நாத் சேகல். பொருத்திய சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமல் இருக்க 1999 முதல் மனிதர்களுக்குக் கொடுக்கிறார்கள். கலிஃபோர்னியாவின் டேவிஸ் ஆராய்ச்சியாளர்கள் 43 பூனைகளை வைத்து ஆறு மாதம் பார்த்தார்கள். குறைந்த டோஸ் சாப்பிட்டவற்றின் இதயச் சுவர், வெறும் மாத்திரை சாப்பிட்டவற்றைவிட மெலிசாக இருந்தது.

'பூனை விஷயம், நமக்கென்ன' என்று பக்கத்தைப் புரட்ட வேண்டாம். மெய்ன் கூன் என்ற ஜாதிப் பூனையில் இந்த நோய்க்குக் காரணமான ஜீன் கோளாறு 2005-ல் பிடிபட்டது. எம்.ஒய்.பி.பி.சி.3 என்ற அதே ஜீன் நம்மிடமும் உண்டு. அதில் 25 எழுத்துகள் விடுபட்டவர்கள் இந்தியர்களில் சுமார் 4 சதவீதம் என்று 2009-ல் ஓர் ஆய்வு சொன்னது. நூறு பேர் ஆபீஸில் நாலு பேர்! விடுபட்டவர்களுக்கெல்லாம் நோய் வருவதில்லை. ஆனால் குடும்பத்தில் யாராவது சின்ன வயசில், ஓடும்போதோ விளையாடும்போதோ பொசுக்கென்று போயிருந்தால், டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். எக்கோ நமக்கும் எடுப்பார்கள்.

மனிதர்களில் இதே நோய்க்கு மாவகாம்டென் என்ற மருந்து 2022-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்கு ஆறு வருஷம் முன்பே, நோய் வந்த ஐந்து பூனைகளிடம் அதைக் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். அங்கேயும் டேவிஸ்தான்.